தசைக்குள் எலும்பு முளைக்குமா? தண்டுவடக் காயத்துக்குப் பின் வரும் எச்.ஓ. பற்றி உங்கள் கேள்விகள்

தண்டுவடத்திலும் தலையிலும் அடிபட்டவர்களுக்கு 16 வருடமாக பிசியோதெரபி செய்து வருகிறேன். அடிபட்ட சில வாரங்களில் இடுப்பையோ முழங்காலையோ சுற்றி, இருக்கவே கூடாத இடத்தில், தசைகளுக்கு நடுவே புதிதாக எலும்பு முளைப்பதை ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன் என்பார்கள். வார்டில் எச்.ஓ. என்றுதான் சொல்வோம். தண்டுவடக் காயம்பட்டவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கிலாவது வருகிற ஒன்று, ஆனாலும் டிஸ்சார்ஜ் செய்யும்போது வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களிடம் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. அதனால்தான் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நாலு நாளாக வலது தொடையின் மேல்பகுதி வீங்கிச் சூடாக இருக்கிறது, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். இது எச்.ஓ.தானா?

அம்மா, இருக்கலாம். நீங்கள் சொல்கிற எல்லாமே அதற்குப் பொருந்துகிறது, பெரும்பாலும் 3 வாரத்திலிருந்து 12 வாரத்துக்குள்தான் ஆரம்பிக்கும். ஆனால் முதலில் எச்.ஓ.வை மறந்துவிட்டு இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். காலில் ரத்தம் உறைந்தாலும் இதே வீக்கம், இதே சூடுதான். அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. டாப்ளர் ஸ்கேன் எடுத்து அது இல்லை என்று தெரியும்வரை அந்தக் காலைப் பிடித்துவிட வேண்டாம், மடக்கிப் பார்க்கவும் வேண்டாம். அப்புறம், செயல்படாத காலில் எலும்பு மெலிந்திருக்கும், தெரியாமலே முறிந்திருக்கலாம். உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். இதெல்லாம் இல்லை என்றான பிறகுதான் எச்.ஓ. பற்றிய பேச்சு.

இன்னொன்று. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் அது வெறும் வீங்கிய தசைதான், சுண்ணாம்பு படிந்து எக்ஸ்ரேயில் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு முன்பே ஏறத் தொடங்கும், எலும்பு ஸ்கேன் எக்ஸ்ரேக்குச் சில வாரம் முன்னாலேயே காட்டிவிடும். இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இது உண்மையான எலும்பா, கால்சியம் படிவதா? நரம்பில் அடிபட்டால் தசையில் ஏன் எலும்பு வர வேண்டும்?

உண்மையான எலும்பு தம்பி. ஒரு முறை ஆபரேஷன் தியேட்டரில் அனுமதி வாங்கி ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு தம்பியின் இடுப்பிலிருந்து எடுத்த துண்டை ஸ்டீல் தட்டில் வைத்தார்கள், என் உள்ளங்கை அகலம் இருந்தது. வெளியே மங்கின வெள்ளை, வெட்டின பக்கம் செக்கச்செவேலென்று மஜ்ஜை. அதாவது ரத்தம் உற்பத்தி செய்யும் மஜ்ஜையோடு முழு எலும்பாகவே வளர்ந்திருந்தது. வெறும் கால்சியம் படிவு வேறு, அதில் இந்த அமைப்பெல்லாம் இருக்காது.

ஏன் என்பதற்கு இன்னும் முழு விடை கிடையாது. 1918-இல், முதல் உலகப் போரில் முதுகில் குண்டு பாய்ந்து கால் செயலிழந்த பிரெஞ்சு வீரர்களிடம் இதைப் பார்த்து விரிவாக எழுதியவர்கள் அகஸ்டா தெஜெரின்-க்ளும்ப்கேயும் ஆந்த்ரே செய்யேயும். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தசைக்குள் எலும்பாக மாறக்கூடிய செல்கள் இயல்பாகவே தூங்கிக் கிடக்கின்றன. 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் தாதுச்சத்து நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது அங்கே புது எலும்பு உண்டானது, அதைத் தூண்டுகிற புரதங்களைத்தான் இன்று பி.எம்.பி. என்கிறோம். எலிகளில் செய்த சோதனைகளில் தண்டுவடத்தை மட்டும் காயப்படுத்தினால் எலும்பு வரவில்லை, தசையை மட்டும் காயப்படுத்தினாலும் வரவில்லை, இரண்டும் சேர்ந்தபோதுதான் வந்தது. காயம்பட்ட தசையைச் சுத்தம் செய்ய வரும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் சுரக்கும் ஆன்கோஸ்டாட்டின் எம் என்ற பொருளுக்கு இதில் பங்கு உண்டு. இந்த எலிக் கதையை மனதில் வைத்துக்கொள், கீழே ஒரு பதிலுக்கு அது தேவைப்படும்.

கேள்வி: அண்ணனுக்கு எச்.ஓ. என்று சொன்னதிலிருந்து அம்மா பால், முட்டை, கேழ்வரகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். சரிதானே?

சரியில்லை, நாளைக் காலையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டில் உள்ள கால்சியம் போய்த் தசையில் படிவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் அளவு சரியாகவே இருக்கும். அந்தக் காலின் சொந்த எலும்பு மாதாமாதம் கரைந்துகொண்டிருக்கிறது. முட்டையை நிறுத்தினால் புரதம் குறைந்து படுக்கைப் புண் ஆறாது. கால்சியம் மாத்திரை மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு, ஏனென்றால் இவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல் சீக்கிரம் வரும்.

கேள்வி: பக்கத்து ஊரில் எலும்பு வைத்தியர் ஒருவர் எண்ணெய் போட்டு உருவி, இறுகிய இடுப்பை ஒரே இழுப்பில் எடுத்துவிடுவதாகச் சொல்கிறார். கூட்டிப் போகலாமா?

வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

மேலே எலிக் கதை சொன்னேனே, அதுதான் காரணம். அடிபட்ட நரம்போடு காயப்பட்ட தசையும் சேர்வது அங்கே எலும்புக்கு அழைப்பு வைப்பது மாதிரி. முயலின் முழங்காலைக் கட்டிப்போட்டு, தினமும் அவிழ்த்து முரட்டுத்தனமாக மடக்கிய பழைய சோதனைகளிலும் தசையில் எலும்பு வந்தது. உணர்ச்சியில்லாத காலை இழுக்கும்போது நோயாளிக்கு வலிக்காது, கத்த மாட்டார், உள்ளே தசை கிழிவது யாருக்கும் தெரியாது. தொடை எலும்பே முறிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலிக்கவில்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

கேள்வி: அப்படியானால் தினமும் காலை மடக்கி நீட்டும் பயிற்சியையும் நிறுத்திவிடலாமா? பயமாக இருக்கிறது.

நிறுத்தினால் மூட்டு உறைந்துவிடும். மெதுவாகச் செய்யுங்கள், போகிற தூரம்வரை மட்டும். தசை இறுக்கத்தால் மடங்காத காலைப் பிடித்து மெல்ல அழுத்தம் கொடுத்துக் காத்திருந்தால், நனைந்த கயிறு தளர்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். எச்.ஓ. வந்த கால் அப்படியல்ல. சுலபமாக வரும், ஒரு இடத்தில் கதவு சுவரில் இடித்த மாதிரி நின்றுவிடும், அதற்கு மேல் எவ்வளவு நேரம் பிடித்தாலும் அங்குலம்கூட நகராது. அந்த நிற்றலைக் கையில் உணர்ந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

ஒரு அக்கா மகனுக்குத் தினமும் பயிற்சி கொடுத்து, முட்டி மார்புப் பக்கம் எவ்வளவு வருகிறது என்று ஞாயிறுதோறும் விரலால் அளந்து தினசரி காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தார். முட்டிக்கும் மார்புக்கும் நடுவே நாலு விரல், அடுத்த வாரம் ஆறு, அதற்கடுத்து ஒரு சாண். மூன்று தாளையும் என்னிடம் நீட்டினார். வீக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை, எக்ஸ்ரே சுத்தம். எலும்பு ஸ்கேனில் பிடித்தோம், மருந்து ஆரம்பிக்க நேரம் இருந்தது. தினமும் அந்தக் காலைத் தொடுகிற உங்கள் கைக்குத்தான் முதலில் தெரியும். தயவுசெய்து எழுதி வையுங்கள்.

கேள்வி: என்ன மருந்து இருக்கிறது? கரைத்துவிடுமா?

வந்த எலும்பைக் கரைக்கும் மருந்து இல்லை. வராமல் தடுக்கவும், ஆரம்பத்தில் வளர்ச்சியைக் குறைக்கவும்தான் மருந்து. இண்டோமெத்தசின் என்ற வலி மாத்திரையைத் தண்டுவடக் காயத்துக்குப் பின் 3 வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வு 2001-இல் வந்தது. 33 பேர்தான். மாத்திரை சாப்பிட்டவர்களில் நாலில் ஒருவருக்கு எச்.ஓ. வந்தது, சாப்பிடாதவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இருவருக்கு. ஆனால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்தக் கசிவு எல்லாம் வரலாம், ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை, எனவே மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். எடிட்ரோனேட் என்று இன்னொன்று, சுண்ணாம்பு படிவதைத் தடுக்கும். ஒரே தடவை குறைந்த அளவு கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு.

கேள்வி: தம்பிக்கு பைக் விபத்தில் தலைக்காயம். முழங்கை மடங்கவில்லை, சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்கிறான்.

தலைக்காயத்தில் முழங்கையிலும் நிறையவே வரும். சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு முழங்கையின் உட்பக்கத்தில்தான் ஓடுகிறது, எலும்பு அதை நெருக்கலாம். இதில் தாமதம் கூடாது, இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்கு ஒன்றரை வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதுவரை இவர் உட்காரவே முடியாதா?

எலும்பு முதிர்ந்த பிறகு எடுத்தால்தான் திரும்ப வராது என்பது நெடுநாள் வழக்கம், 12 முதல் 18 மாதம் என்பார்கள். பிரான்சில் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த ஆய்வுகளில், சீக்கிரம் எடுத்தவர்களுக்கு அதனால் மட்டும் மறுபடி வருவது கூடவில்லை. அதேசமயம் மூட்டு முழுவதும் உறைந்து வருடக்கணக்கில் கிடந்தால் தொடை எலும்பின் தலை மெலிந்து, ஆபரேஷனிலேயே முறியும் ஆபத்து உண்டு. ஆகவே இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள் என்பேன். இதை நிறைய செய்த கையாக இருக்க வேண்டும். எலும்பு சில சமயம் தொடையின் பெரிய ரத்தக்குழாயையே சுற்றி வளைத்திருக்கும், சி.டி. ஸ்கேன் பார்த்துத் திட்டம் போடாமல் இறங்க முடியாது, ரத்தம் நிறையப் போகும். முழுவதையும் எடுக்க மாட்டார்கள், மூட்டு அசைய வழிவிடும் அளவுக்குத்தான். இடுப்பு 90 டிகிரி மடங்கினால் வீல்சேரில் நேராக உட்காரலாம், அதுதான் இலக்கு. மறுபடி வராமலிருக்க மாத்திரையோ கதிர்வீச்சோ கூடவே தருவார்கள்.

கேள்வி: உடம்பே கல்லாகிவிடும் நோய் என்று யூடியூபில் பார்த்தேன். அப்பாவுக்கு வந்திருப்பது அதுதானா?

இல்லை. அது எஃப்.ஓ.பி., ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவில் வரும் மாற்றத்தால் பிறவியிலேயே வருவது, மிக மிக அபூர்வம், கால் பெருவிரல் பிறக்கும்போதே கோணலாக இருக்கும். உங்கள் அப்பாவுடையது ஓரிரு மூட்டோடு நிற்கும்.

கேள்வி: ஒரு பக்க இடுப்பு மடங்காததால் அப்பா வீல்சேரில் இடது பக்கமே சாய்ந்து உட்காருகிறார். பரவாயில்லையா?

சாய்கிற பக்கத்து உட்காரும் எலும்புக்கு மொத்தப் பாரமும் போகும், புண் அங்கேதான் வரும். சாய்மானத்தைப் பின்னால் கொஞ்சம் திறந்து வையுங்கள், மடங்காத தொடைக்கு இடம்விட்டு வெட்டிய குஷன் செய்து வாங்குங்கள், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தூக்கி உட்காரவையுங்கள். ராத்திரி படுக்கவைக்கும்போது டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள், சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் மறுநாள் அவரை வீல்சேரில் உட்காரவைக்காதீர்கள்.