இன்றைய உலகத்தைப் புரிந்துகொள்ளப் புவியியல் படிப்பது எதற்கு உதவும்?

பள்ளியில் புவியியல் எனக்கு வெறும் மேப் கேள்விதான். கடலுக்கு நீலம் தீட்டி, நாலு ஆறு, இரண்டு மலையைக் குறித்தால் மார்க் வந்துவிடும். அதற்கு மேல் அந்தப் பாடத்தை நான் மதித்ததில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஷிப்பிங் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மதிக்க ஆரம்பித்தேன்.

2023 டிசம்பர். ஜெர்மனிக்குப் போகவேண்டிய சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாகப் போகும். ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகும், இரண்டு வாரம் பிந்தும் என்று, சரக்கைக் கப்பலில் ஏற்றி அனுப்பித் தரும் ஃபார்வர்டரிடமிருந்து மெயில் வந்தது.

முதலாளி கேட்டார்: "ஏந் தம்பி, ஏமன்ல சண்டைன்னா நம்ம பனியன் எதுக்கு நிக்கோணும்? கடல் அத்தனை பெருசா இருக்குது, கொஞ்சம் தள்ளிப் போனா ஆவாதா?"

நியாயமான கேள்வி. கூகுள் மேப்பைத் திறந்து காட்டினேன். செங்கடலுக்குள் நுழைகிற இடத்தில் கடல் சுமார் 30 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஒரு கரையில் ஏமன், எதிர்க்கரையில் ஜிபூட்டி. பாப் எல் மண்டெப் என்று பெயர். அரபியில் கண்ணீர் வாசல். அதற்குள் போகாவிட்டால் சூயஸ் இல்லை. சூயஸ் இல்லாவிட்டால் ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான். தள்ளிப் போக அங்கே கடலே கிடையாது. அடுத்த ஆர்டரில், சரக்கு வாங்கும் பையர் அந்த இரண்டு வாரத்தை எங்கள் தையல் நாட்களில்தான் பிடித்துக்கொண்டார். ஒரு மாதம் முழுக்க நைட் ஷிப்ட்.

அப்புறம் பித்துப் பிடித்தது போல மேப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எங்கள் சரக்கு போகாத பனாமா கால்வாயைக்கூட விடவில்லை. அங்கே கப்பல், ஏரித் தண்ணீரை நிரப்பித் தூக்கும் தொட்டிகள் வழியாகப் படிப்படியாக 26 மீட்டர் மேலே ஏறி, காட்டூன் என்ற நன்னீர் ஏரியைக் கடந்து, மறுபக்கம் இறங்குகிறது. ஒரு கப்பல் கடந்து போக ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. கால்வாய் ஓடுவது கடல் தண்ணீரில் இல்லை, மழைத் தண்ணீரில்! 2023-ல் மழை பொய்த்ததும், வழக்கமாக ஒரு நாளைக்கு 36 கப்பல் வரை விட்டவர்கள் டிசம்பரில் 22-க்குக் குறைத்துவிட்டார்கள். அதே மாதம்தான் நாங்கள் செங்கடலுக்காகத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம்.

சரி, தூத்துக்குடிச் சரக்கு ஏன் கொழும்பில் மாறுகிறது? கிழக்காசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பெரிய கப்பல் பாதை இலங்கையின் தென்முனையை ஒட்டிப் போகிறது. நம் பக்கம் பாக் நீரிணையும் ராமர் பாலமும் ஆழமில்லாதவை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் சரக்குக் கப்பலே இலங்கையைச் சுற்றித்தான் வரவேண்டும். இது தெரிந்த பிறகுதான், 2017-ல் இலங்கைத் தென்கரையில் இருக்கும் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனபோது டெல்லி ஏன் அவ்வளவு பதறியது என்று எனக்கு விளங்கியது. அதுவரை அது எனக்கு வெறும் இலங்கையின் கடன் கதை.

அதற்காக எல்லாமே நிலத்தின் தலைவிதி என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாப் எல் மண்டெப் எப்போதும் குறுகலாகத்தான் இருந்தது. அங்கே ஏவுகணை விட்டது மனிதர்கள், காரணம் காசா போர். யார், எதற்காக என்பதற்கு அரசியலும் வரலாறும் படிக்கத்தான் வேண்டும். ஏன் அந்த இடத்தில் என்பதற்கு மேப்தான்.

எங்கள் ஆபீஸில் இப்போது முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் உலக வரைபடம் தொங்குகிறது. முதலாளியே வாங்கி மாட்டியது. புது ஆர்டர் வந்தால் விலை பேசுவதற்கு முன்னால், "இது எந்தப் பக்கமாப் போவுது தம்பி?" என்று கேட்டபடி அதன் முன்னால் போய் நின்றுகொள்கிறார்.