மாமனாருக்கு மருந்து வேலை செய்யாதா?

அட்லாண்டாவில் இருக்கும் மாமனார், 68 வயது, கறுப்பின அமெரிக்கர், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது, "எங்கள் ஆட்களுக்கு மருந்து கேட்காது" என்று அவரே மனம் விட்டுவிட்டார் என எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த எண்ணத்தை விடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இந்த நோயால் இறக்கும் விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பின ஆண்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு, அது உண்மைதான். ஆனால் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் மாதிரி எல்லோருக்கும் ஒரே கவனிப்பு கிடைக்கும் இடங்களில் அந்த இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. காப்பீடும் தாமதமும்தான் ஆளைச் சாய்க்கின்றன, தோல் நிறம் இல்லை.

எலும்புதான் இப்போது கவனிக்க வேண்டியது. புதிதாக முதுகுவலி, கூடவே கால் பலவீனம், மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு என்று வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சி போங்கள், ஏனென்றால் தண்டுவடம் நசுங்கினால் நடையே போய்விடும் (செலவும் அங்கேதான் எகிறும்). எலும்பு முறிவைத் தடுக்க ஜோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள், முதலாவது மலிவு. இந்த எலும்பு மருந்தைத் தொடங்கும் முன் பல் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

அப்புறம் மாத்திரை. இந்தப் புற்றுநோய்க்குத் தரும் அபிராட்டெரோன் மாத்திரைக்கு 2018 முதல் ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்து) இருக்கிறது, பிராண்டாக எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மெடிகேர் பார்ட் டி (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில் மருந்துச் செலவுக்கான பகுதி) இருந்தால், அந்தத் திட்டத்தில் வரும் மருந்துகளுக்கு அவர் கைக்காசு 2026இல் ஆண்டுக்கு 2,100 டாலரைத் தாண்டாது, மாதத் தவணையிலும் கட்டலாம். மருத்துவமனையில் போடும் ஊசிகள் இந்தக் கணக்கில் வராது, அதைத் தனியாக விசாரியுங்கள்.