பேய் முகமா, பெண் முகமா?

கேள்வி: முந்திரி வியாபாரமாக ஐவரி கோஸ்ட் போய்வந்த என் வீட்டுக்காரர், அபிஜானில் ஒரு மர முகமூடி வாங்கி வந்தார். 'பவுலே இனத்தாருடையது, நூறு வருஷப் பழசு' என்றாராம் கடைக்காரர். மாமியாரோ, 'பேய் முகம், ஹாலில் மாட்டாதே' என்கிறார். மாட்டலாமா? (போட்டோ இணைத்திருக்கிறேன்.)
— ஒரு வாசகி, பண்ருட்டி

பதில்: அகன்ற நெற்றி, தாழ்ந்த இமை, சின்ன வாய், கண்ணோரத்தில் தழும்பு வரிகள், வாரி முடிந்த கொண்டை. பேய்க்கு யாரம்மா இவ்வளவு நேர்த்தியாகத் தலை வாரிவிடுவார்கள்? இது மனித முகம்.

ஐவரி கோஸ்ட்டின் நடுப்பகுதியில், புவாக்கே நகரைச் சுற்றி வாழ்பவர்கள் பவுலே மக்கள். 'ம்ப்லோ' என்று ஓர் ஆட்டம் அவர்களிடம் உண்டு. விலங்கு முகமூடிகள் முதலில் வந்து போகும்; இந்த மனித முகங்கள் கடைசியில்தான் வரும். அழகிலோ ஆட்டத்திலோ பேர் வாங்கிய ஒரு பெண்ணை மனதில் வைத்துச் செதுக்குவார்கள். அணிந்து ஆடுபவர் ஆண். அந்தப் பெண்ணும் களத்தில் இறங்கித் தன் முகத்தோடு சேர்ந்து ஆடுவார். 1913 வாக்கில் மோயா யான்சோ என்ற பெண்ணுக்கு ஒவியே கிமூ என்ற சிற்பி ஒன்று செய்து கொடுத்தார். 1971-ல் கலை வரலாற்று ஆய்வாளர் சூசன் வோகல், மூதாட்டியாகிவிட்ட யான்சோவை அதே முகமூடியோடு படம் எடுத்தார். மரத்திலிருந்த முகத்துக்கு மட்டும் இளமை போகவில்லை.

மாமியாரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 'போனு அமுயின்' என்று கொம்பும் பெரிய வாயுமாக இன்னொரு வகை உண்டு. அது ஆண்களின் சமாச்சாரம். பெண்கள் கண்ணிலேயே படக் கூடாது. உங்களுடையது அது இல்லை.

அப்புறம், அந்த நூறு வருஷக் கதை. எனக்குச் சந்தேகம்தான். முகமூடியைத் திருப்பிப் பாருங்கள். ஆடிய முகமூடி என்றால் விளிம்பில் துணி கட்டிய துளைகள் தேய்ந்திருக்கும். நெற்றியும் கன்னமும் படுகிற உட்புறம் வியர்வையில் கறுத்து வழவழவென்று இருக்கும். முன்பக்கம் பழசாகவும் பின்பக்கம் உளித்தடம் புதுசாகவும் இருந்தால், விற்பதற்கென்றே செய்தது. மண்ணில் புதைத்தும் புகை காட்டியும் வயசேற்றுகிற வித்தை அந்தச் சந்தையில் சகஜம். விற்பதற்குச் செய்வதில் தப்பு ஒன்றுமில்லை, கை பவுலே சிற்பியின் கையாகவே இருக்கலாம். புதுசுக்குப் பழசின் விலை கொடுத்திருந்தால்தான் வயிறு எரியும். என்ன விலை என்று வீட்டுக்காரரிடம் தோண்டித் துருவாதீர்கள்.

சரி, மாட்டலாமா? தாராளமாக. ஆனால் பவுலே வீடுகளில் இதைச் சுவரில் மாட்டுவதில்லை. ஆட்ட நாள் வரும்வரை துணியில் சுற்றிக் கண்மறைவாக வைத்திருப்பார்கள். மாமியார் ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்களும் அப்படியே பரணில் வைத்துவிடலாம். ஊர் வழக்கத்தை மீறியதாகாது. அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளின் மேல் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அதோடு பரணில் ஏற்றினால் அங்கிருக்கும் மர சாமான் அத்தனையும் போய்விடும்.