பையன் போர்டைப் பிரிக்கிறான் என்று திட்டாதீர்கள்

ஐயா, சத்தியவேட்டிலிருந்து மகனை அழைத்து வந்தீர்களே, அன்று அவசரத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். "பத்தாவது முடிச்சிட்டான், வீட்ல சார்ஜர் ஒண்ணையும் விட்டு வைக்கல. ஸ்ரீசிட்டி ஃபேக்டரில எங்கயாவது சேத்து விட்டுடலாமா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் டீ குடிக்கப் போனபோது, மேஜையில் கிடந்த ஒரு பழைய சர்க்யூட் போர்டை அவனிடம் கொடுத்து, "இந்த டிராக் எங்கே போகுது, சொல்லு" என்றேன். பாதியில் நின்ற அந்தச் செம்புக் கோட்டைப் பார்த்துக் கொஞ்சம் முழித்தான். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊசிமுனைத் துளை ஒன்றைக் காட்டினான். "சார், இது இங்க கீழ இறங்குது."

இரண்டு பக்க போர்டில் சங்கதியே அதுதான். ஒரு பக்கம் மட்டும் செம்பு இருந்தால் ஒரு டிராக் இன்னொன்றைத் தாண்ட முடியாது. பழைய ரேடியோக்களில் கம்பித் துண்டு வைத்துத் தாண்டியிருப்பார்கள். இதிலோ பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் கண்ணாடியிழைப் பலகை, இருபுறமும் 35 மைக்ரான் செம்பு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). குறுக்கே ஒரு டிராக் வந்தால் 'வயா' என்கிற துளை வழியாக அடியில் இறங்கி, தாண்டி, மறுபடி மேலேறலாம். வெறும் துளை மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ரசாயனத் தொட்டியில் அதன் சுவரில் மெல்லிய செம்பைப் படிய வைத்து, மின்முலாம் பூசி 20, 25 மைக்ரானுக்குத் தடிப்பாக்குகிறார்கள். தலைமுடியைவிட மெல்லிசு! அதில் விரிசல் விழுந்தால் போர்டு சூடானதும் நிற்கும், ஆறினால் ஓடும். மெக்கானிக் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கோளாறு.

போர்டில் பாகம் பொருத்துகிற வேலை வேறு, போர்டையே வரைகிற வேலை வேறு. உங்கள் பையனுக்கு இரண்டாவதற்கான கண் இருக்கிறது என்பது என் எண்ணம். 18 வயதுகூட ஆகாதவனை ஃபேக்டரி லைனில் நிறுத்தப் பார்க்காதீர்கள். ஆந்திராவின் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வான பாலிசெட் எழுதி 3 வருட இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) டிப்ளமோ சேரட்டும். பிறகு டிப்ளமோ முடித்தவர்களுக்கான ஈசெட் தேர்வு எழுதினால் பி.டெக் இரண்டாம் வருடத்திலேயே நுழையலாம். தமிழ்வழியில் படித்தவன், பாலிசெட் வினாத்தாளோ தெலுங்கிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். கணக்கு, இயற்பியல், வேதியியல் சொற்களை இப்போதே ஆங்கிலத்தில் பழக்குங்கள்.

போர்டு வரைய கிகேட் மென்பொருள் இலவசம். மின்சாரத்தை அளக்கிற மல்டிமீட்டர் ஒன்று மட்டும் வாங்கிக் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கின கையோடு சார்ஜரைத் திறக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள், உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கிற கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் ஷாக் அடிக்கும்.