லிப்ரேடைமில் 6 மணிச் செய்திக்கு முன் வரும் மௌனம்

வணக்கம். மாலைப் பாடல் நிகழ்ச்சி 5.56-க்கே தீர்ந்து, செய்தி தொடங்கும் வரை வானொலி ஊமையாகிவிடுகிறது, சில நாள் கடைசிப் பாட்டு பாதியில் அறுபடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வானொலி நிகழ்ச்சிகளை நேரப்படி தானாக ஒலிபரப்பும் மென்பொருளான லிப்ரேடைமில் நிகழ்ச்சி என்பது காலண்டரில் அடைத்து வைத்த நேரம். உள்ளே போட்டது குறைந்தால் மீதி நேரம் மௌனம். கூடினால் நேரம் முடிந்ததும் வெட்டிவிடும்.

பாடல்களைக் கையால் கூட்டிக் கழித்து அடுக்காதீர்கள். பாடல்களுக்கு டைனமிக் ஸ்மார்ட் பிளாக் (நீங்கள் வைக்கும் விதிகளின்படி ஒவ்வொரு முறையும் தானே பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுப்பு) ஒன்று செய்து, ஒரு பிளேலிஸ்ட்டில் போடுங்கள். அப்புறம் நிகழ்ச்சியின் அமைப்பில் அந்தப் பிளேலிஸ்ட்டைத் தானாக ஏற்றும்படி வைத்து, நேரம் நிரம்பும் வரை திரும்பப் போடச் சொல்லும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். மௌனம் போய்விடும்.

கடைசி வெட்டுக்கு என் யோசனை: முடிவில் வருவது பாட்டாக இல்லாமல், வரிகளற்ற வாத்திய இசையாக இருக்கட்டும். வீணையோ புல்லாங்குழலோ நடுவில் மெல்ல அடங்கினால் காதை உறுத்தாது. பல்லவி பாதியில் நின்றால் கேட்பவருக்கு நிச்சயம் எரிச்சல் வரும். செய்தியைத் தள்ளி வைக்க மட்டும் வேண்டாம், அதற்காகவே 6 மணிக்கு வானொலியைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.