எபாக்ஸியில் நானோ குழாய் கலந்தால் சூடு இறங்குமா?

கேள்வி: எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டிகளில் எபாக்ஸிப் பிசின் ஊற்றி அடைக்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். பெட்டி ரொம்பச் சூடாகிறது. கார்பன் நானோ குழாய் செம்பைவிடப் பல மடங்கு வெப்பம் கடத்துமாமே, ஒரு சதவீதம் கலந்து பார்க்கலாமா ஐயா?
– வாசகர், கோவை

பதில்: தயவுசெய்து கலக்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் ஓடுகிறது. நானோ குழாய்கள், அதாவது கார்பன் அணுக்களாலான மிக மெல்லிய குழாய்கள், மின்சாரத்தையும் கடத்தும். பெரும்பாலும் 0.1 சதவீத அளவிலேயே ஒன்றோடொன்று நெருங்கி வலை பின்னிவிடும். எபாக்ஸியின் மின்காப்பு போய்விடும். ஒரு சதவீதம் போட்டால் டிரைவர் முழுக்கக் கசிவுப் பாதைதான்.

வெப்பமாவது இறங்குமா என்றால், அதுவும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. 2001-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரே ஒரு பலசுவர்க் குழாயைத் தனியாக அளந்தபோது அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 3000 வாட்டுக்கு மேல் வந்தது. செம்பு 400. எபாக்ஸி 0.2தான். மறுவருடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எடையில் 1 சதவீதம் ஒற்றைச்சுவர்க் குழாய் (ஒரே அடுக்குச் சுவர் கொண்டது) எபாக்ஸியில் கலந்து பார்த்தார்கள். கடத்துதிறன் 125 சதவீதம் கூடியது. நல்ல முடிவுதான். ஆனால் உங்கள் 0.2 அப்படிக் கூடினாலும் 0.45தானே ஆகும்?

குழாய்க்குள் வெப்பம் அணுக்களின் அதிர்வாகத்தான் ஓடுகிறது. முறுக்கிக் கட்டிய வீணைக் கம்பியின் நுனியில் தொய்ந்த துணிக்கொடியை முடிந்துவிட்டுக் கம்பியை மீட்டிப் பாருங்கள். கொடிக்கு எவ்வளவு அதிர்வு போகும்? விறைப்பான குழாயும் மெத்தென்ற பிசினும் சேரும் இடத்தில் நடப்பது அதுதான். மின்சாரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் இடைவெளி இருந்தாலும் எலெக்ட்ரான் தாவிவிடும்.

அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பொடி நிறைத்த பாட்டிங் எபாக்ஸி, அதாவது பெட்டிக்குள் ஊற்றி அடைப்பதற்கென்றே உள்ள எபாக்ஸி, கடையில் கிடைக்கும். 1 வாட் அளவுக்குக் கடத்தும், மின்காப்பும் இருக்கும். அதை வாங்குங்கள்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காக எபாக்ஸியில் 1% பலசுவர் நானோ குழாய் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்டது) கலந்தோம். வெறும் எபாக்ஸியைவிட இழுவலிமை குறைந்துவிட்டது. பொடி போலியா?
– பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: பொடியைச் சந்தேகிக்கும் முன்பு கலவையைப் பாரும்மா. நானும் இதே இடத்தில் இடறியிருக்கிறேன். அரை கிலோ பிசினில் 5 கிராம் பொடியைக் கண்ணாடிக் குச்சியால் ஒரு மணி நேரம் கலக்கினேன். மை மாதிரி கறுகறுவென்று வந்தது, திருப்தியாக இருந்தது. அப்புறம் ஒரு சொட்டை இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவே அழுத்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ரவை ரவையாகக் கறுப்புக் கட்டிகள். நடுவில் வெறும் பிசின், தேன் நிறத்தில். இழுத்து உடைத்த துண்டிலும் விரிசல் ஒரு கட்டியிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

ஒரு கிராம் பலசுவர்க் குழாயின் மேற்பரப்பு 200 சதுர மீட்டர் அளவுக்கு வரும். ஏறக்குறைய ஐந்து சென்ட் நிலம்! அத்தனை பரப்பையும் பிசின் நனைக்க வேண்டும். குழாய்களோ ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும். அச்சு மை அரைக்கும் மூன்று உருளை மில்லில் நாலைந்து முறை ஓட்டிய பிறகுதான் என் கட்டிகள் கரைந்தன. மீயொலி (அல்ட்ராசோனிக்) கருவியும் உதவும், ஆனால் நேரம் கூடினால் குழாய்கள் துண்டு துண்டாகிவிடும். நீளம் போனால் பிசினிலிருந்து எளிதாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

நன்றாகப் பரப்பினால் பலன் நிச்சயம் உண்டு. 2000-ல் கென்டக்கியில் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் 1 சதவீதம் பலசுவர்க் குழாயைச் சீராகப் பரப்பியபோது விறைப்பு 36 முதல் 42 சதவீதம் வரையும், உடையும் வலிமை சுமார் 25 சதவீதமும் கூடின. உங்களுக்கும் முதலில் 0.2 சதவீதத்தில் வெற்றி கிடைக்கட்டும், அப்புறம் ஏற்றுங்கள்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட குழாய்கள் எலிகளிடம் ஆஸ்பெஸ்டாஸ் போலத் தீங்கு செய்ததை 2008-லேயே காட்டிவிட்டார்கள். எடை போடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், துணி மாஸ்க் போதாது, என்-95 போடுங்கள். உடைந்த மாதிரிகளைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேயுங்கள்.