ஏ.பி. அமெரிக்க வரலாறு: கோடையில் என்ன படிப்பது, எப்படிப் படிப்பது?

நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். ஜூன் பிறந்துவிட்டால் ஏ.பி. (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம்) வரலாற்றுக்கான கோடை வாசிப்பைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். இந்த மாதம் வந்தவற்றில் நான்கு கேள்விகள் இங்கே.

கேள்வி: டீச்சர், என் மகள் செப்டம்பரில் 11-ஆம் வகுப்பு போகிறாள். ஏ.பி. யு.எஸ். ஹிஸ்டரி எடுத்திருக்கிறாள். பாடப்புத்தகத்தில் முதல் நான்கு அத்தியாயங்கள், கூடவே ஒரு கட்டு மூல ஆவணங்கள். எல்லாவற்றுக்கும் குறிப்பெழுதி முதல் வாரமே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இவள் புத்தகத்தை அப்படியே நோட்டில் காப்பி எடுக்கிறாள். கோச்சிங் சேர்க்கலாமா? நான் திருச்சியில் பி.காம். படித்தவள். இந்த வரலாறு எனக்கு ஒன்றும் தெரியாது. எப்படி உதவுவது?
– ஒரு வாசகி, எடிசன்

பதில்: கோச்சிங் வேண்டாம். இந்தப் பாடத்துக்குக் கோடையில் வர வேண்டியது உட்கார்ந்து நிதானமாகப் படிக்கிற பழக்கம். அது வீட்டிலேயே வரும்.

மே மாதத் தேர்வு எப்படி இருக்கும் என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 3 மணி 15 நிமிடம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் 55, அதற்கு 40 சதவீதம். அவையும் ஒரு பத்தியையோ கேலிச்சித்திரத்தையோ வரைபடத்தையோ கொடுத்து, அதை ஒட்டித்தான் வரும். அப்புறம் மூன்று சிறு வினாக்கள், ஒரு கட்டுரை, அதோடு பிள்ளைகள் ‘டிபிக்யூ’ என்று சொல்கிற ஆவணக் கட்டுரை. இந்த ஒரே கேள்விக்கு 25 சதவீதம். 7 ஆவணங்களைக் கொடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு வாதத்தை எழுப்பி எழுதச் சொல்வார்கள். அதற்கு 1 மணி நேரம். வருடங்களை ஒப்பிக்கிற பிள்ளை இங்கே திணறும். யார், யாரிடம், எந்த நேரத்தில், எதற்காகச் சொன்னார் என்று கேட்கப் பழகிய பிள்ளை எழுதிவிடும்.

அதனால் காப்பி எடுப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அத்தியாயத்தில் ஒரு பிரிவைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதனால் என்ன மாறியது என்று நாலைந்து வரி சொந்தமாக எழுதட்டும். பிறகு திறந்து பார்த்துத் திருத்தட்டும். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு பக்கம் போதும்.

ஆவணத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒன்றைக் காட்டுகிறேன். ஃபிரெடெரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி வடக்கே வந்தவர். 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் சுதந்திர தினத்தைப் பற்றி அவர் பேசினார். ஜூலையிலேயே படிக்கத் தோதான உரை. பெரும்பாலான பிள்ளைகள் ‘அடிமை முறையைக் கண்டித்தார்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். உங்கள் மகள் அங்கேயே நிற்கட்டும். எதிரே உட்கார்ந்திருந்தது யார்? அவரை அழைத்தது அந்த ஊர்ப் பெண்களின் அடிமை முறை எதிர்ப்புச் சங்கம். அதாவது, அவர் பக்கத்து ஆட்கள். அவர்களிடம் போய், இந்த நாள் உங்களுடையது, என்னுடையது இல்லை என்று ஏன் முகத்துக்கு நேரே சொன்னார்?

இரண்டு வருடம் பின்னால் போனால் விடை கிடைக்கும். 1850-ல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் சட்டம் வந்தது. பிடிபட்டவருக்குத் தன் பக்கம் சாட்சி சொல்லக்கூட உரிமை கிடையாது. விசாரிக்கும் கமிஷனருக்கு, பிடிபட்டவரை அடிமையாகத் திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். வடக்கே இருந்த சாதாரண மனிதரும் கூப்பிட்டால் வந்து பிடித்துக்கொடுக்க உதவ வேண்டும். இதற்குப் பிறகு, ‘அடிமை முறை தெற்கத்திக்காரர் பாவம், நமக்கு என்ன’ என்று ராச்செஸ்டரில் ஒருவரும் சொல்ல முடியாது. நண்பர்களிடம் அவர் அவ்வளவு கடுமையாகப் பேசியது இதனால்தான். அந்த 10 டாலர், 5 டாலர் கணக்கை அந்த மேடையிலேயே சொல்லியும் காட்டினார். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் நாட்டை நிறுவியவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று மனதாரப் புகழ்கிறார். முடிவில் அரசியல் சட்டம் விடுதலையின் பக்கம் நிற்கும் ஆவணம் என்கிறார். நடுவில் அந்த இடி. ஏன் இந்த வரிசை என்று அவள் அரை மணி நேரம் யோசித்தால், அந்தக் கோடை வீண்போகவில்லை.

உங்களுக்கு வரலாறு தெரியாதது இந்த வேலைக்குத் தடையில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, அன்று படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புத்தகத்து ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்க வழியிருக்காது. புரிந்ததைத்தான் சொல்ல முடியும். எங்கே தடுமாறுகிறாளோ அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கட்டும். நீங்கள் ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

கோச்சிங்குக்கு வைத்திருந்த பணம் கையிலேயே இருக்கட்டும். முந்தைய வருடங்களின் கட்டுரைக் கேள்விகள், மாணவர்கள் எழுதிய விடைகள், அவற்றுக்கு எப்படி மதிப்பெண் போட்டார்கள் என்ற விளக்கம், எல்லாமே இந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகஸ்டில் இரண்டு விடைகளை அம்மாவும் மகளுமாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: மேடம், எனக்கு வயது 16. டெக்சாஸில் படிக்கிறேன். எனக்குப் பிடித்தது உள்நாட்டுப் போரும் இரண்டாம் உலகப் போரும். கோடைக்குக் கொடுத்திருப்பதோ 1491 முதல் 1754 வரை! ஒரே புகையிலையும் பாதிரியார்களுமாக இருக்கிறது. தேர்விலும் இதற்கு மதிப்பெண் குறைவாமே. மேலோட்டமாகப் பார்த்தால் போதாதா?
– ஒரு மாணவன், டாலஸ் (அம்மா தட்டச்சு செய்து அனுப்பியது)

பதில்: தம்பி, மதிப்பெண் விஷயத்தில் நீ சொல்வது சரி. மொத்தம் 9 காலப் பகுதிகள். முதலாவதுக்கு 4 முதல் 6 சதவீதம், இரண்டாவதுக்கு 6 முதல் 8 சதவீதம். கோடையில் இதைக் கொடுப்பதே, பள்ளி திறந்ததும் 1754-க்கு வேகமாகப் போய்ச் சேரத்தான்.

ஆனால் உனக்குப் பிடித்த உள்நாட்டுப் போர் அந்தப் புகையிலையில்தான் தொடங்குகிறது. 1607-ல் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய ஆங்கிலேயர்கள் தங்கம் தேடினார்கள், கிடைக்கவில்லை. லாபம் கொடுத்தது புகையிலை. அதற்கு ஆள் பலம் வேண்டும். முதலில் இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். 1619-ல் இருபதுக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதே வருடம் அங்கே முதல் சட்டமன்றமும் கூடியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வை.

பிறகு 1662-க்கு வா. ஆங்கிலேயர் வழக்கப்படி பிள்ளையின் நிலை தகப்பனைப் பொறுத்தது. அந்த வருடம் வர்ஜீனியா அதைத் தலைகீழாக்கியது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் போட்டார்கள். இதனால் யாருக்கு லாபம் என்று யோசி. அடிமைப் பெண்ணிடம் முதலாளிக்கே பிறந்த பிள்ளையும் அவருடைய சொத்துக் கணக்கில் சேர்ந்தது. 1676-ல் நத்தேனியல் பேக்கன் தலைமையில் நடந்த கலகத்தில் கூலிகளும் அடிமைகளும் சேர்ந்தே ஆயுதம் தூக்கினார்கள், ஜேம்ஸ்டவுன் எரிந்தது. அதற்கடுத்த காலத்தில் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைக் குறைத்து அடிமைகளை நம்பத் தொடங்கினார்கள். 1861-ல் வெடித்த போரின் வேர் இந்தச் சட்டங்களில் இருக்கிறது. கட்டுரையில் பின்னணி எழுதச் சொல்லும்போது உனக்குக் கைகொடுக்கப்போவதும் இவைதான்.

1491 ஏன் என்றால், கொலம்பஸ் வருவதற்கு முந்தைய வருடம் அது. அங்கே ஏற்கெனவே மக்களும் ஊர்களும் விவசாயமும் இருந்தன என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். உன் வீட்டுச் சமையலறைக்குப் போய்ப் பார். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து உலகம் முழுக்கப் போனவை. அங்கிருந்து பயிர்கள் வெளியே போயின. உள்ளே வந்தவற்றில் பெரியம்மையும் ஒன்று. உங்கள் ஊரில் ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி திறந்துவிடும். ஜூலைக்குள் முடித்துவிடு.

கேள்வி: ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் நான், திண்டுக்கல். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கிறேன். பேரன் இந்தப் பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருக்கிறான். நானும் அவனோடு உட்கார ஆசை. நமக்கும் அந்த வரலாற்றுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: உண்டு ஐயா. 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. கடனில் தத்தளித்த கம்பெனியைக் காப்பாற்றத்தான் அந்த வருடத் தேயிலைச் சட்டமே வந்தது. 1781-ல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ். அதே மனிதர் 1786-ல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டார். 1792 உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகளில் உங்கள் திண்டுக்கல்லும் ஒன்று. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தவர். 1718-ல் அவர் அனுப்பிய 9 மூட்டைச் சரக்கை விற்றுத்தான் அந்தக் கல்லூரிக்குக் கட்டடம் எழும்பியது.

இவை தேர்வில் வராமல் போகலாம். 1965 குடியேற்றச் சட்டம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 1924-ல் நாடுவாரியாக ஒதுக்கீடு வைத்து ஆசியர்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்திருந்தார்கள். 1965-ல் அது நீங்கியது. இப்போதைய எச்-1பி விசா 1990 சட்டத்தில் பிறந்தது. உங்கள் மகன் எந்த விசாவில், எப்படி வந்தார் என்பதைப் பேரன் அப்பாவிடமே கேட்டு எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து விட்டுப்போனதை எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் சுருக்கம் கிடைக்கிறதே. அதை மட்டும் படித்தால் ஆகாதா?
– ஒரு மாணவி, அட்லாண்டா

பதில்: அத்தியாயத்தைப் படித்த பிறகு, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று பார்க்கச் சுருக்கத்தைத் திற. ஆவணங்களுக்கு மட்டும் சுருக்கத்தைத் தொடாதே. லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை ஒரு பக்கம்கூட வராது. அதில் தொடங்கு. நாளை ஒரு தடவை, மறுநாள் வாய்விட்டு ஒரு தடவை படி. சுதந்திரப் பிரகடனமும் அரசியல் சட்டமும் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் (அமெரிக்க அரசின் ஆவணக் காப்பகம்) தளத்தில் முழுதாக இருக்கின்றன. அச்செடுத்து, ஓரத்தில் உன் கேள்விகளைப் பென்சிலால் எழுதி வகுப்புக்குக் கொண்டு போ.